நாலுக்குப் பதில் ரெண்டு

கோரிமேட்டு ஏற்றத்தில், ஒரு ஞாயிறு காலை,
எஞ்சின் படம் போட்ட சின்ன மஞ்சள் எரிந்தது.
பெயர்தான் விளக்கு.
எதையும் விளக்கவில்லை.

இருபத்திரண்டு வயது ஜெர்மன் வண்டி, இரண்டே இருக்கை.
கூரையைத் திறந்தால் வெங்கட்டா நகர் மொத்தமும் பார்க்கும்.
மூடினால் கொண்டை இடிக்கும்.
வாரம் ஒரு மணி நேரம், ஞாயிறு மட்டும், ஓட்டுவேன்.

லெயோன் தனராசு பிரான்சுக்குத் திரும்புமுன் விற்றது.
"மாதா மேல சத்தியம், விரட்டி ஓட்டினதே இல்ல" என்றார்.
நான் காப்பீட்டு சர்வேயர்.
பதினேழு வருஷமாக
நசுங்கிய பம்பர்களின் முன் குந்தி உட்கார்ந்து
"மாடு குறுக்க வந்துடுச்சு மேடம்" கேட்கிறவள்.
புதுச்சேரியில் அத்தனை மாடுகள் இல்லை.

அன்றைக்கே காந்தி வீதி ஞாயிறு சந்தையில்,
செத்த ரிமோட்டுகளின் குவியலுக்குள்
தீப்பெட்டி அளவில் நீலமாக ஒரு ஸ்கேனர்.
நானூற்றைம்பது சொன்னான், முந்நூறுக்கு முடிந்தது.
போனோடு பேசும் என்றான். பேசியது:
ஏதோ ஒரு சிலிண்டரில்,
எப்போதோ ஒரு முறை,
நெருப்பு தவறுகிறது.
குலதெய்வக் குறை இருக்கு என்பது போல
எந்த வீட்டுக்கும் பொருந்துகிற வாக்கு.

மேட்டுப்பாளையத்தில், லாரிகளுக்கு நடுவே,
கலியவரதன் தன் பெட்டியைத் திறந்தான்.
இருபத்தெட்டாயிரம், அறுபது கம்பெனி வண்டி படிக்கும்.
மாருதியிடம் வாய் கிழியப் பேசுகிற அது
என் வண்டியிடம் எஞ்சினோடு நிறுத்திக்கொண்டது.
பிரேக்கா, ஏர்பேக்கா?
தொடர்பு இல்லை, தொடர்பு இல்லை.
"படிச்சா போதுமா, அழிக்கணுமா,
உள்ள தோண்டணுமா?
அத முடிவு பண்ணிட்டு மெஷின் வாங்குங்க"
என்றான், கையில் கிரீஸோடு, வடையோடு.

தோண்ட வேண்டும்.
தோண்டித்தானே சம்பளம்.

பதினெட்டாயிரத்து எழுநூறுக்கு ஒன்று வரவழைத்தேன்.
ஒரு கம்பெனிக்கு மட்டுமானது. அதிலும்
முதலில் எந்த வண்டியில் செருகுகிறோமோ
அந்த சேஸிஸ் எண்ணோடு தாலி கட்டிக்கொள்ளும்.
அப்புறம் வேறெதையும் ஏறிட்டும் பார்க்காது.
இந்தக் காலத்தில் இப்படி ஒன்று.

ஸ்டியரிங்குக்கு அடியில் தலைகீழாய்க் கிடந்து செருகினேன்.
மூன்றாம் சிலிண்டர், காயில்.
கழற்றினால், கடற்காற்றில் செம்பு
பச்சை பூத்திருந்தது.
கலியவரதன் மாற்றினான். மஞ்சள் போனது.
நியாயமாக நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

உள்ளே, அதற்கும் உள்ளே, ஒரு பக்கம்:
எல்லை மீறிய சுழற்சி.
எஞ்சின் தாங்கும் அளவுக்கு மேல் சுற்றிய தடவைகளை
மணிக்கணக்கோடு குறித்துவைத்திருக்கிறது.
ஒன்பது முறை.
லெயோனுக்கு எழுதத் தொடங்கிவிட்டேன்,
"உங்கள் மாதா சத்தியம் பற்றி..."

அப்புறம்தான் எண்களைப் பார்த்தேன்.
மீறியது ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாம் மணியில், எல்லாம் ஒரே மூச்சில்.
இப்போது ஆயிரத்து நானூற்று முப்பத்தொன்று.
பத்தொன்பது மணி.
பத்தொன்பது ஞாயிறு.
வண்டி என்னிடம் வந்து ஒன்றரை வருஷம்.

கார்த்திகை. மழை விட்டிருந்தது.
காலாப்பட்டு தாண்டி, டூர் கிளம்பிய ஒரு காலேஜ் பஸ்.
ஜன்னலில் பையன்கள்.
"சூப்பர் வண்டி ஆன்ட்டி!"

வண்டியைப் பாராட்டினார்கள். எனக்குக் கேட்டது
கடைசி வார்த்தை மட்டும்.
மிதித்தேன். மூன்றிலிருந்து நாலுக்குப் போக வேண்டிய கை
ரெண்டில் விழுந்தது.
வண்டி போட்ட அலறலுக்கு
பஸ்ஸே ஒரு நொடி அமைதியானது.
யாரிடமும் சொல்லவில்லை.
மறந்தும் போயிருந்தேன், நிஜமாகவே.

'அழி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது.
அமுக்கினேன்.
பழைய பிழை, ஏர்பேக் பிழை எல்லாம் போயின.
அந்த ஒன்பது போகவில்லை.
இன்னொரு முறை அமுக்கினேன்.
லெயோனுக்கு எழுதியதை அழித்தேன்.

திங்கட்கிழமை, அரியாங்குப்பம்.
முன்பக்கம் நொறுங்கிய கார்,
பக்கத்தில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி ஒருவர்.
"மாடு, மேடம்" என்றார்.
என்ன நிறம் என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்தார்.
எழுதிக்கொண்டேன்:
செவலை.